புதிய பதிப்புக்கு வெளியார் என்ன எழுதுவார்கள்? விதிநூலை மூடிவைத்துவிட்டு யோசியுங்கள்

"டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2024 பதிப்பின் மூன்று அடிப்படை நூல்களையும் எங்கள் குழு வாங்கிவிட்டது. வெளிப் பதிப்பகங்கள் இதற்கு என்னென்ன துணைநூல்கள் கொண்டுவரும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா? எதற்குக் காசு சேர்த்து வைக்கலாம், எதை அவசரப்பட்டு வாங்கக் கூடாது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி ஆடும் இந்தக் கதை விளையாட்டில் அதை ஓரளவுக்குக் கணிக்கலாம். ஆனால் இதே விஷயத்தில் பந்தயம் கட்டித் தோற்றவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2008 ஜூனில் நான்காம் பதிப்பு வந்தது. நூலைப் புரட்டிய அன்றே முடிவு கட்டிவிட்டேன். ஒவ்வொரு திறனும் ஒரு சீட்டில் எழுதி முடித்துவிடும் அளவுக்குக் கச்சிதம். அரக்கர்களின் எண்களோ வாய்ப்பாடு மாதிரி. நிலை தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வந்து விழும். வெளியார் எழுதுவதற்கு இதைவிட வசதியான விதிமுறை இருக்கவே முடியாது, இரண்டு ஆண்டுகளில் துணைநூல்கள் மலைபோல் குவியும் என்று குழுவில் அடித்துப் பேசினேன். மறுத்தவர் ஒரே ஒருவர். பந்தயம் ஐந்து பேருக்குப் பிரியாணி. 2010இல் பிரியாணி வாங்கிக் கொடுத்தது நான்தான்.

நான் விதிநூலைப் படித்தேன். அவர் உரிமத்தைப் படித்திருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். நான்காம் பதிப்புக்காக, விளையாட்டின் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 'கேம் சிஸ்டம் லைசென்ஸ்' என்று புதிதாக ஓர் உரிமம் வெளியிட்டது. ஒரு நூல்வரிசையைப் புதிய உரிமத்துக்கு மாற்றினால் அதே வரிசையை, யாரும் துணைநூல் எழுதி விற்கலாம் என்ற பழைய திறந்த உரிமத்தின் கீழ் விற்கக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. நிபந்தனைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் அதிகாரத்தையும் நிறுவனமே வைத்துக்கொண்டது. கிடங்கில் பழைய சரக்கு வைத்திருக்கும் எந்தப் பதிப்பாளர் இதில் கையெழுத்துப் போடுவார்? 2009இல் கடுமையான பகுதிகளைத் திருத்தினார்கள். அதற்குள் பலருடைய மனம் வேறு பக்கம் போய்விட்டது. டிராகன், டஞ்சன் ஆகிய இரு இதழ்களையும் 2007 வரை விசார்ட்ஸுக்காக நடத்திவந்த பைசோ நிறுவனம், மூன்றாம் பதிப்பின் திருத்தமான 3.5 விதிகளையே செப்பனிட்டு 2009 ஆகஸ்டில் பாத்ஃபைண்டர் என்ற தனி விளையாட்டாகக் கொண்டுவந்தது. வெளியார் எழுத்தில் பெரும்பகுதி அதன் பின்னால் போயிற்று.

அந்தப் பிரியாணிக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புதிய பதிப்பு வந்தால் விதிநூலை மூடிவைத்துவிட்டு, யாருக்கு எதை எழுத அனுமதி, எந்தத் தேதியிலிருந்து அனுமதி என்பதை முதலில் பார்ப்பேன். பிறகு, ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டரின் கையில் சனிக்கிழமை மாலை எது தீர்ந்துபோயிருக்கும் என்று யோசிப்பேன். அதற்குப் பிறகுதான் விதிநூல்.

உரிமம் தாராளமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு நல்ல சாட்சி. மூன்றாம் பதிப்போடு, விசார்ட்ஸில் இருந்த ரயன் டான்சி முன்னின்று கொண்டுவந்த 'ஓப்பன் கேம் லைசென்ஸ்' வெளியானது. அவர் வாதம் எளிமையானது: துணைநூல்களில் லாபம் குறைவு, அதை வெளியார் எழுதட்டும், அவர்கள் எதை விற்றாலும் வாங்குபவருக்கு நம் அடிப்படை நூல் தேவைப்படும். அந்த ஆகஸ்டில் மில்வாக்கி நகரில் நடந்த ஜென் கான் விளையாட்டு மாநாட்டில், ஆட்டக்காரர் கையேடு விற்பனைக்கு வந்த அதே நாளில், பக்கத்து மேசைகளில் அட்லஸ் கேம்ஸின் 'த்ரீ டேஸ் டு கில்', கிரீன் ரோனினின் 'டெத் இன் ஃப்ரீபோர்ட்' ஆகிய இரண்டு சாகச நூல்கள் விற்பனைக்கு இருந்தன. இரண்டும் சிறியவை, மெல்லிய அட்டை. சில வாரங்களில் ஒயிட் உல்ஃபின் 'ஸ்வோர்ட் அண்ட் சோர்சரி' பிரிவு ஒரு கெட்டி அட்டை அரக்கர் தொகுப்பைக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், அதிகாரபூர்வ அரக்கர் நூலே அப்போது வெளியாகியிருக்கவில்லை! எண்களில் பிழைகள் மலிந்திருந்தன. யாரும் கவலைப்படவில்லை. கையில் விதி இருக்கிறது, வீரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், எதிரே நிறுத்த ஒரு மிருகம் வேண்டும். விற்றுத் தீர்ந்தது.

இந்தக் காட்சியில் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. முதலில் வருபவை குறுஞ்சாகசங்களும் அரக்கர் தொகுப்புகளும்தான். எந்தப் பதிப்பிலும் இது பெரிதாக மாறியதில்லை. 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது வெளியாருக்கென்று உரிமமே தரப்படவில்லை. 2016 ஜனவரி வரை இழுத்தடித்தார்கள். அந்த இடைவெளியிலும் பழைய திறந்த உரிமத்தைப் பற்றிக்கொண்டு துணிந்து இறங்கிய சிலர் கொண்டுவந்தது என்ன? குட்மன் கேம்ஸ் சாகசங்கள் போட்டது. நெக்ரோமேன்சர் கேம்ஸ் அரக்கர் நூல் போட்டது. 2016இல் வாசல் திறந்ததும் கோபோல்ட் பிரஸ் நானூறுக்கும் மேற்பட்ட அரக்கர்களோடு 'டோம் ஆஃப் பீஸ்ட்ஸ்' கொண்டுவந்தது. இன்றும் பல மாஸ்டர்களின் மேசையில் அதிகாரபூர்வ நூலுக்குப் பக்கத்தில் கிடப்பது அதுதான்.

காரணம் தின்று தீர்க்கும் வேகம். ஒரு வீரர் தன் பாத்திரத்துக்கு ஒரு வகுப்பை, அதாவது மந்திரவாதி, திருடர் போன்ற ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்தால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு அதையே ஓட்டுவார். மாஸ்டரோ ஒரு மாலையில் நான்கைந்து வகை எதிரிகளைக் காலி செய்துவிடுவார். போன வாரம் வந்த ஓநாய்க் கூட்டத்தை இந்த வாரமும் அனுப்பினால் மேசையில் இருப்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆறு பேர் உள்ள குழுவில் நூல் வாங்கிக் குவிப்பவர் பெரும்பாலும் ஒருவர், அவர்தான் ஆட்டத்தை நடத்துபவர். ஆகவே அவருடைய அவசரத்துக்குத்தான் பதிப்பாளர்கள் சமைக்கிறார்கள்.

இனி 2024 பதிப்புக்கு வருவோம். இதன் உரிமக் கதையைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்ளாமல் எதையும் கணிக்க முடியாது. 2023 ஜனவரித் தொடக்கத்தில், பழைய திறந்த உரிமத்தை ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திணிக்கும் வரைவு கசிந்தது. ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை கப்பம் கட்ட வேண்டும் என்பது அதில் இருந்த ஒரு பிரிவு. லாபத்தில் அல்ல, வருவாயில்! நூல் அச்சிட்டு விற்பவர்களின் லாப விகிதம் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரிந்துவிட்டது. எதிர்ப்பு வெடித்தது. அந்த மாதம் 27ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கி, 5.1 என்ற எண்ணிட்ட அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாத உரிமம் அது. 2024 பதிப்புக்கான 5.2 தொகுப்பும் 2025 ஏப்ரல் 22 அன்று அதே உரிமத்தில் வந்தது.

உரிமம் இப்போது 2000ஆம் ஆண்டைவிடவும் தாராளம். ஆகவே துணைநூல்கள் நிறைய வரும். ஆனால் அந்த ஜனவரிக் காயம் இன்னொரு வேலையையும் செய்துவிட்டது. மற்றவன் வீட்டுத் திண்ணையில் கடை போட்டால் எந்த நாளும் எழுப்பிவிடுவான் என்று பெரிய வெளிப் பதிப்பகங்கள் புரிந்துகொண்டன. கோபோல்ட் பிரஸ் 'டேல்ஸ் ஆஃப் த வேலியன்ட்' என்று ஐந்தாம் பதிப்போடு ஒத்துப்போகும் தன் சொந்த விதிநூலைக் கொண்டுவந்தது. மாட் கோல்வில் என்பவரின் எம்.சி.டி.எம். நிறுவனம் 'டிரா ஸ்டீல்' என்ற வேறொரு விளையாட்டுக்கே போய்விட்டது. டாரிங்டன் பிரஸ் 2025 மே மாதம் 'டேகர்ஹார்ட்' என்ற தன் விளையாட்டை வெளியிட்டது. இந்தத் துறையின் நல்ல எழுத்தாளர்களில் கணிசமானோர் இப்போது சொந்த வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2024 பதிப்புக்கு மட்டுமே எழுதப்பட்ட பெரிய நூல்களை இவர்களிடமிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 'ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது' என்று பொதுவாக அட்டையில் போட்டு, பழைய பதிப்பு வைத்திருப்பவரும் வாங்கும்படி வருபவையே மிகுதியாக இருக்கும்.

அதிலிருந்து அடுத்த கணிப்பு பிறக்கிறது. இந்த முறை முதல் அலையில் நிறைய வருவது புதுச் சரக்கு அல்ல, புதுப்பித்த பழைய சரக்கு. புதிய பதிப்பு 2014 பதிப்போடு ஒத்துப்போகும் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. பத்தாண்டுகளாக எழுதிக் குவித்த நூல்கள் எல்லோரிடமும் கோப்பாக இருக்கின்றன. எண்களைத் திருத்தி, அட்டையை மாற்றி, 2024 என்று ஒரு முத்திரை குத்துவதற்கு ஆகும் செலவு, புதிதாக ஓவியம் வரையச் சொல்வதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தவறில்லை, பிழைப்பு. ஆனால் திருத்தினார்களா, முத்திரை மட்டும் குத்தினார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

பார்ப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. அரக்கர் பகுதியைத் திறந்து, கடித்துக் கீழே தள்ளும் விலங்கு ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நூலில் ஓநாய் கடித்தால், கடிபட்டவர் பலத்துக்கான பகடையை உருட்டி 11 எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் கீழே விழுவார். 2024 நூலில் அந்தப் பகடையே இல்லை. கடி பட்டதா, பெரிய உடம்பில்லாத எவரும் விழுந்துவிட்டார், அவ்வளவுதான். மாஸ்டருக்கு ஒரு கேள்வி மிச்சம், ஆட்டம் நகர்கிறது. எல்லா அரக்கர்களுக்கும் இப்படி மாற்றவில்லை என்றாலும் புதிய நூல் முழுக்க இந்தப் போக்கு தெரியும். அடுத்து, யார் முதலில் அடிப்பது என்பதற்கான இனிஷியேட்டிவ் எண் 2024 நூலில் ஒவ்வோர் அரக்கனின் கட்டத்திலும் மேலேயே அச்சாகியிருக்கும். பழைய கட்டங்களில் அது கிடையாது. '2024க்கு ஏற்றது' என்ற நூலில் அந்த எண் இல்லை, ஒவ்வொரு கடிக்கும் பழையபடி பகடை கேட்கிறது என்றால், உங்களுக்கு விற்கப்படுவது முத்திரை. போன ஆண்டு இப்படி ஒரு மின்னூலை வாங்கி, இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்து நொந்துகொண்டேன். விலை சிறியது என்பதால் பதிப்பகத்தின் பெயரைச் சொல்லிப் புலம்பவில்லை.

அடிப்படை விதித் தொகுப்பில் எது இல்லை என்று பார்ப்பது கணிப்பின் இன்னொரு கருவி. 5.1 தொகுப்பில் பன்னிரண்டு வகுப்புகளும் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் உட்பிரிவு. தனித்திறன் ஒன்றே ஒன்று, மல்யுத்தம் சார்ந்தது. பாத்திரத்தின் முந்தைய வாழ்க்கையைச் சொல்லும் பின்புலமும் ஒன்றே ஒன்று, கோவில் ஊழியர். மற்றதெல்லாம் நிறுவனத்தின் பெட்டிக்குள். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் பத்தாண்டுகள் உட்பிரிவு நூல்கள் கொட்டின. ஒரு உட்பிரிவை எழுத நான்கு பக்கம் போதும், ஓவியம் ஒன்று போதும், ஒரு வாரத்தில் மின்னூலாகப் போட்டுவிடலாம். மழைக்கு முளைத்த காளான் என்பார்களே, அதுதான். புதிய தொகுப்பிலும் வகுப்புக்கு ஓர் உட்பிரிவுதான். ஆகவே காளான் நிற்காது. தரம் பற்றி என்னைக் கேட்காதீர்கள். பெரும்பாலானவை எழுதியவரின் சொந்தப் பாத்திரத்துக்காக எழுதப்பட்டவை போலவே இருக்கும். பல கண்கள் கொண்ட பிஹோல்டர், மூளை தின்னும் மைண்ட் ஃப்ளேயர் போன்ற புகழ்பெற்ற அரக்கர்களும் திறந்த தொகுப்பில் கிடையாது. அவற்றின் சாயலில் வேறு பெயரோடு ஒவ்வொரு தொகுப்பிலும் ஒன்றிரண்டு வரும், பார்த்துக்கொண்டிருங்கள்.

பின்புலம் என்றேன் அல்லவா, 2024 பதிப்பில் நான் அதிகம் நம்பும் கணிப்பு அதைப் பற்றியதுதான். முன்பு ஒரு பாத்திரத்தின் இனம்தான் அதன் பண்பெண்களைக் கூட்டியது. குள்ளர் என்றால் உடலுரம், எல்ஃப் என்றால் சுறுசுறுப்பு. இப்போது அந்த வேலை பின்புலத்துக்கு மாறிவிட்டது. போர்வீரர் பின்புலம் என்றால் பலம், சுறுசுறுப்பு, உடலுரம் ஆகிய மூன்றில்தான் கூட்டிக்கொள்ளலாம், கூடவே குறிப்பிட்ட ஒரு தனித்திறனும் வரும். ஆட்டக்காரர் கையேட்டில் இருப்பவை பதினாறே பின்புலங்கள். மந்திரவாதியாக ஆசைப்படும் ஒரு பழைய சிப்பாயை உருவாக்கப் பாருங்கள். அவர் கதைக்குப் போர்வீரர் பின்புலம் வேண்டும், எண்களுக்கு அறிவு வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. மாஸ்டருக்கான நூலில் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும் வழி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் வீரர்கள் அச்சில் வந்ததைத்தான் கேட்பார்கள். இனிமேல் வரும் ஒவ்வொரு சாகச நூலும், ஒவ்வோர் உலக நூலும் பின்னிணைப்பாக ஐந்தாறு பின்புலங்களைச் சேர்க்காமல் வெளியாகாது.

எல்லோரும் குறை சொல்லும் ஓட்டையைப் பார்த்து மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். உயர்நிலைச் சாகசங்கள் இல்லை, அதாவது பதினைந்தாம் நிலைக்கு மேல் விளையாட எதுவும் இல்லை என்ற புலம்பல் எனக்குத் தெரிந்து எல்லாப் பதிப்பிலும் உண்டு. அதிகாரபூர்வ நீள்சாகசங்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. அப்படியென்றால் வெளியார் பாய்ந்து வந்து நிரப்ப வேண்டுமே? நிரப்பவில்லை. ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் அந்த நிலையை எட்டுவதற்கு முன்பே ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்கு இடமாற்றம் என்று கலைந்துவிடுகின்றன. புலம்புபவர்கள் அதிகம், வாங்குபவர்கள் குறைவு.

இதற்கு நேரெதிர் உதாரணம் கோட்டைகள். பாத்திரங்கள் கோட்டை கட்டி ஆள் சேர்ப்பதற்கான விதி ஐந்தாம் பதிப்பில் பெயருக்குத்தான் இருந்தது. யாரும் பெரிதாகப் புலம்பவும் இல்லை. மாட் கோல்வில் 2018இல் அதற்கென்றே ஒரு நூலை கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் அறிவித்தபோது இரண்டு மில்லியன் டாலருக்கு மேல் குவிந்தது. தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை எல்லா வீரர்களுக்கும் உண்டு. மூன்றாம் நிலையிலேயே உண்டு. 2024 மாஸ்டர் நூலில் பாஸ்டியன் என்ற பெயரில் அதிகாரபூர்வமாகவே அப்படி ஓர் அத்தியாயம் இருக்கிறது. அது எலும்புக்கூடுதான். அதற்குச் சதை பூசும் நூல்கள் வரும் என்று தைரியமாகச் சொல்வேன். பிரியாணிப் பந்தயத்துக்கும் தயார்.

காலக்கணக்கையும் பாருங்கள். மின்னூல் வாரக் கணக்கில் வரும். கெட்டி அட்டை நூலுக்குக் கூட்டுநிதி திரட்டி, எழுதி, வரைந்து, அச்சிட்டு, கப்பலேற்றி அனுப்ப ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். 5.2 தொகுப்பு வந்தது 2025 ஏப்ரலில். ஆகவே புதிய விதிகளை மனத்தில் வைத்து அடியிலிருந்து எழுதப்பட்ட பெரிய நூல்கள் 2026இல்தான் கூட்டமாக வரத் தொடங்கும். அதற்கு முன் கடைக்கு வரும் தடித்த நூல்களில் பெரும்பாலானவை புதுப்பித்தவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கதையுலகங்களை ஐந்தாம் பதிப்புக்குக் கொண்டுவருவது தனி ரகம். கியூபிகிள் 7 நிறுவனம் 2016இல் டோல்கியன் கதைகளின் மத்திய பூமியையே இப்படிக் கொண்டுவந்தது. அந்த ரகத்தைக் கணிப்பது கடினம். அது விதிகளைப் பொறுத்தது அல்ல, வக்கீல்களைப் பொறுத்தது.

அவசரப்படக் கூடாது என்று நான் சொல்வதற்கு 2003ஆம் ஆண்டும் ஒரு காரணம். மூன்றாம் பதிப்பு வந்து மூன்றே ஆண்டில், 2003 ஜூலையில், 3.5 வந்தது. பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. ஆனால் கடைகளில் குவிந்திருந்த வெளியார் நூல்கள் ஒரே நாளில் 'பழையவை' ஆயின. கடைக்காரர்கள் பாதி விலைக்கும் கீழே தள்ளினார்கள். அதில் பல சின்னப் பதிப்பகங்கள் மூழ்கின. நடுவயது மாஸ்டர்கள் சிலரின் அலமாரியில் இருக்கும் விசித்திரமான நூல்களெல்லாம் அந்தத் தள்ளுபடித் தொட்டியிலிருந்து வந்தவைதான், என்னுடையவையும் சேர்த்து.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தால் இன்னொரு வசதியும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அந்த விதித் தொகுப்பை யாரும் மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் 5.1ஐ நிறுவனமே தந்துவிட்டது. தமிழில் செய்ய யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடையான 'சேவிங் த்ரோ' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று சண்டை போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் காசைப் பற்றிக் கேட்டீர்கள். நானாக இருந்தால் இப்போதைக்கு மின்னூலாக வரும் குறுஞ்சாகசங்களில் இரண்டு மூன்று வாங்குவேன். ஒரு மாலைக்கு உதவினாலே விலை தேறிவிடும். உட்பிரிவு நூல்களை வீரர்கள் வாங்கட்டும், மாஸ்டர் வாங்க வேண்டாம். பெரிய தொகையை, ஓநாய்ச் சோதனையில் தேறிய ஒரே ஒரு தடித்த அரக்கர் நூலுக்காகச் சேர்த்து வையுங்கள். கோட்டை நூல் ஏதாவது அறிவிக்கப்பட்டால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.